பூசணக் கிராணி

பிரிஞ்சாங் மலையுச்சிக்கு வேன் பிடித்துப் போய், கட்டணம் கட்டி, பலகைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்து, சுற்றுலாக்காரர்கள் பாசிக்காட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டர். எந்நேரமும் மேகம் வந்து மரத்தில் உட்கார்ந்துகொள்வதால் வேர், கிளை, கல் எதையும் விடாமல் பச்சை மெத்தை படர்ந்து கிடக்கும். எங்கள் படுக்கையறை அலமாரிக்குப் பின்னாலும் ஏறக்குறைய அதே காட்சிதான். கட்டணம் கிடையாது. அலமாரியை நகர்த்த இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். அந்த இருவரில் ஒருவராவது பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காராதவராக இருப்பது நல்லது.

நாங்கள் இருப்பது தானா ராத்தாவில், 1,440 மீட்டர் உயரத்தில். கோலாலம்பூர்ச் சொந்தங்கள், "கேமரன் மலையில வீடு, குடுத்து வச்சவங்க" என்று சொல்லாமல் போனை வைப்பதில்லை. கொடுத்து வைத்தது என்னவென்று சொல்கிறேன். இங்கே அப்பளத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம், நொறுங்காது. துவைத்த பனியனுக்குக் கொடியில் கிடந்தபடியே வயதாகும். தோல் செருப்பை ஒரு மாதம் போடாமல் விட்டால் நரைத்துவிடும். கல்யாண ஆல்பத்தில் என் மீசைமேல் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது; மாமனார் முகத்தைப் பூசணம் முழுசாகவே தின்றுவிட்டது. இந்த ஒன்றுக்காக மட்டும் நான் பூசணத்தைக் குறை சொன்னதில்லை.

பட்டுக்கும் இந்த ஊருக்கும் ஆகவே ஆகாது. தாய்லாந்துப் பட்டை உலகமெல்லாம் விற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று இங்கே ஒரு பங்களாவில் தங்கியிருந்தவர், உலாவப் போனார். போனவர் போனவர்தான். காட்டைச் சல்லடை போட்டுத் தேடியும் ஆள் அகப்படவில்லை. கடத்தல் என்றும் புலி என்றும் இன்றுவரை ஆளுக்கொரு கதை. என் மனைவியின் முகூர்த்தப் பட்டு வீணானதில் அப்படி எந்த மர்மமும் கிடையாது. அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, இரண்டு பாச்சை உருண்டையையும் துணைக்கு வைத்து, அலமாரியின் அடித்தட்டில் பின்பக்கமாகத் தள்ளிப் பத்திரப்படுத்தியவர் யார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பையைப் பிரித்தபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நெடுங்காலம் குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும், ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும். அன்று இரவே வீடு முழுக்கப் பூசணச் சோதனை நடத்துவது என்று முடிவெடுத்தேன்.

தகுதி இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேயிலைத் தொழில் என்பதே ஈரத்தோடு போடும் சண்டைதான். பறித்துவரும் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, சூட்டில் உலர்த்தி வெளியே எடுக்கும்போது மிஞ்சுகிற ஈரம் மூன்று சதவீதம். கூடினால் மூட்டையிலேயே கெட்டுப்போகும். இந்தச் சதவீதத்தை லெட்ஜரில் எழுதி எழுதித்தான் என் கண்ணாடி தடித்தது. இதை நான் மனைவியிடம் எடுத்துச் சொன்னபோது, "ஒரு லோரி கொழுந்தைக் காய வச்சவருக்கு ஒரு துவாலையைக் காய வைக்கத் தெரியலையே" என்றாள். அதற்குப் பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் வேலையாக ஷோப்பியில் ஈரப்பத மானி ஒன்று வாங்கினேன். சோப்புக்கட்டி அளவுதான். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகம் இருக்கும். காற்று சரியாக இருந்தால் சிரிக்கும், ஈரம் கூடினால் உதட்டைப் பிதுக்கும். வாங்கிய நாளிலிருந்து அது சிரித்து நான் பார்க்கவில்லை. கூடத்தில் வைத்தேன், 84. படுக்கையறையில் 88. குளியலறை வாசலில் வைத்தபோது 90-ஐத் தாண்டி, முகம் அழுகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. பழைய லெட்ஜர் ஒன்றைத் தேடியெடுத்து, கோடு போட்டு, மணிக்கொரு தரம் குறித்தேன். மறுபடியும் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்ட சந்தோஷம். சம்பளம் இல்லாவிட்டாலும் ஓவர்டைம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து எண்ணைப் பார்த்ததில் மனைவி விழித்துக்கொண்டாள்.

எண் இருந்தால் போதுமா, சட்டம் வேண்டாமா? தேடியதில் ஒன்று கிடைத்தது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உள்ளகக் காற்றுத் தர நடைமுறைக் கோவை. வெப்பம் 23 முதல் 26 டிகிரி வரை இருக்கலாம். ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம். கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு கன மீட்டர் காற்றில் முளைக்கத்தக்க பூஞ்சைக் கூறுகள் 1,000-க்கு மேல் போகக் கூடாது. படித்து முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே 17 டிகிரி. எதிர்வீடு மேகத்துக்குள் இருந்தது. கோவையின் அளவுப்படி நடந்தால் கேமரன் மலையையே பூட்டி, சாவியைக் குவாந்தானில் ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

நல்லவேளையாக, அந்தக் கோவை இயந்திரக் காற்றோட்டமும் குளிர்சாதனமும் உள்ள வேலையிடங்களுக்கு எழுதப்பட்டது. வீட்டுக்குப் பொருந்தாது. நிம்மதியோடு மனைவியிடம் போய், "இந்த அளவெல்லாம் வேலை செய்யுற இடத்துக்கு மட்டும்தானாம்" என்றேன். அவள் அடுப்பில் ஒரு கண், மாவில் ஒரு கை, வாஷிங் மெஷினில் ஒரு காது என்று நின்றிருந்தாள்.

"அப்ப இது என்ன இடம்?" என்றாள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரத்துக்கும் பூசணத்துக்கும் என்றே தனியாக ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. ஆஸ்துமா, இருமல், மூச்சிளைப்பு எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று ஓர் எண்ணைச் சொல்லவே இல்லை. ஈரத்தை நிறுத்து, அது நின்றால் இது நிற்கும் என்பதோடு சரி. எண் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு கிராணி என்ன செய்வான்? நிபுணரைப் பிடிப்பான்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் ஈப்போவில் இருக்கிறார். அலுவலகங்களிலும் ஹோட்டல்களிலும் காற்றைச் சோதிப்பது அவருக்குத் தொழில். பாவம், பெண்டாட்டி பிள்ளையோடு ஸ்ட்ராபெரி பறிக்க மலையேறி வந்திருந்தார். "பசியாறிட்டுப் போங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னேன். மூன்றாவது தோசை இலையில் விழுந்ததும் அலமாரியைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"தம்பி, காத்தை டப்பாவுல புடிச்சு லேப்புக்கு அனுப்புவீங்களாமே?"

"அனுப்பலாம் அங்கிள். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு புடிச்சு ஒப்பிட்டுப் பாப்போம். இங்க சுத்தியும் காடு, வெளிய இருக்கிறதே நிறைய இருக்கும். அதை விடுங்க. சுவத்துல கண்ணுக்குத் தெரியுது, வாசப்படியிலயே மூக்குக்குத் தெரியுது. பூசணம் இருக்கான்னு கேக்க லேப்புக்கு எதுக்குக் காசு? இருக்கு."

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதைத்தான் சொல்கிறது: கண்ணால் பார்த்துவிட்டால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை. எனக்கோ ஏமாற்றம். கிளாடோஸ்போரியம், அஸ்பர்ஜில்லஸ் என்று ஒரு லத்தீன் பெயர் கிடைத்தால் டவுனில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சும்மா பூசணம் என்றால் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது.

தம்பி கருவி எதையும் எடுக்கவில்லை. புறங்கையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்தார். காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தலையை விட்டார். ஜன்னல் சட்டத்தின் ரப்பரை நகத்தால் நிமிண்டினார், நகம் கறுத்தது. பிறகு நாங்கள் இருவரும் அலமாரியை இழுத்தோம். கைப்பேசி விளக்கில் பார்த்தால், சாம்பலும் பச்சையுமாக வட்டம் வட்டமாய், நடுவில் மெல்லிய மயிர் சிலிர்த்து, ஓரத்தில் கறுத்து, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தரையிலிருந்து தோளுயரம் வரை ஏறியிருந்தது. இரண்டு சுவர் சேரும் மூலையில்தான் அடர்த்தி. அறையிலேயே மிகவும் குளிர்ந்த இடம் அதுதானாம். அலமாரி மறைத்திருந்ததால் காற்றும் கிடையாது.

எனக்கு இதில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு இருக்கிறது. மழைத்தண்ணீர் அங்கிருந்து சுவருக்குள் இறங்கி ஓதம் காக்கிறது. வீட்டைக் கட்டி விற்றவர்தான் குற்றவாளி. நான்கு பக்கப் புகார்க் கடிதம் எழுதி, மலாய் வாத்தியார் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தியும் வாங்கியாகிவிட்டது. சாட்சிக்கு அடிச்சுவரில் வெள்ளையாக இருந்ததைக் காட்டி, "பாருங்க தம்பி, உப்புப் பூத்திருக்கு" என்றேன். அவர் மனைவியிடம் துணிக்குத் தெளிக்கும் தண்ணீர்ப் புட்டியை வாங்கி இரண்டு பீய்ச்சு பீய்ச்சினார். உப்பு என்றால் கரைந்து மறையும். இது கரையவில்லை, சுவரோடு அப்பிக்கொண்டது.

அதோடு விட்டாரா? ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்து, ஒரு சாண் அளவுக்குச் சதுரமாக வெட்டி, துடைத்த சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். "ரெண்டு நாள் விட்டுப் பாருங்க அங்கிள். பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம், சுவத்தை ஒட்டி வேர்த்திருந்தா தண்ணி சுவத்துல இருந்து வருது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம்புல இருந்து வருது." சொல்லிவிட்டு ஸ்ட்ராபெரிக்குப் போய்விட்டார். தேவேந்திரன் தவத்தைக் கலைக்க அப்சரஸை அனுப்புவான் என்பார்கள். எனக்கு ஒரு சாண் பிளாஸ்டிக்கை அனுப்பினான். இரண்டு நாளும் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்பக்கம் வேர்க்க வேண்டும் என்று பிரிஞ்சாங் தெண்டாயுதபாணிக்கு ஓர் அர்ச்சனையும் நேர்ந்துகொண்டேன்.

வெளிப்பக்கம் வேர்த்தது. படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "மேட்டுல இருந்து வரல அங்கிள். உங்ககிட்ட இருந்துதான் வருது."

நான்கு பக்கக் கடிதத்தை, முகவரியை மாற்றி, எனக்கே அனுப்பிக்கொள்ள வேண்டிய நிலை.

எங்களிடமிருந்து எப்படி வருகிறது என்று லெட்ஜரில் புதுப் பக்கம் திறந்தேன். மூச்சும் வியர்வையுமாக ஓர் ஆளிடமிருந்து நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. "அதுக்காக மூச்சு விடாம இருக்க முடியுமா?" என்று கேட்டேன். "பேசுறதைக் குறைக்கலாம்" என்றாள் மனைவி. மழைக்காலத்தில் கூடத்தில் குறுக்கே நைலான் கயிறு கட்டித் துணி போடுகிறோம்; அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அப்புறம் என் வெந்நீர்க் குளியல், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ரேடியோ கேட்பதற்காக.

என்னை அசரவைத்தது சிலிண்டர்தான். சமையல் வாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி. 14 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாகும்போது, இருபது லிட்டருக்கு மேல் தண்ணீர் சத்தமில்லாமல் வீட்டுக்குள் இறங்கியிருக்கும். சோற்றுப்பானையின் ஆவியும் இட்லிச்சட்டியின் ஆவியும் இந்தக் கணக்கில் சேராது. வருடக்கணக்காக நானே ஆள் விட்டு, காசு கொடுத்து, தோளில் தூக்கிவரச் சொல்லி வீட்டுக்குள் மழை பெய்ய வைத்திருக்கிறேன்.

ஜன்னலைத் திறந்தால் என்ன என்று கேட்பீர்கள். திறந்தால் பனி உள்ளே வந்துவிடும் என்பது இந்த மலையில் மதம். 1978 பிப்ரவரி 1 அன்று இங்கே 7.8 டிகிரிக்கு இறங்கியதாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எவனும் ஜன்னல் கொக்கியைத் தொடமாட்டான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வெளியே 16 டிகிரியில் 95 சதவீத ஈரத்தோடு நிற்கும் பனிக்காற்றை உள்ளே விட்டு 22 டிகிரிக்குச் சூடேறவிட்டால், அதே காற்றின் ஈரப்பதம் 65-க்கு வந்துவிடும். சூடான காற்று கூடுதல் தண்ணீரைத் தாங்கும். என் வீட்டுக்குள்ளோ 88. நான் யாரை உள்ளே விடக் கூடாதென்று கதவடைத்தேனோ அவர்தான் என்னைவிடக் காய்ந்தவர்! மழைநாளில் கொழுந்து வாட்ட, காற்றைக் கொஞ்சம் சூடாக்கித் தொட்டிக்குள் அடிப்போமே, அதே சூத்திரம். முழுநேர வேலையாக இதைப் பார்த்தவன் வீட்டில் மட்டும் மறந்துபோனான் என்று மனைவி சொல்வாள் என்பதால், இந்தப் பக்கத்தை அவளிடம் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள்.

மேல்லயத்துப் பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார், காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். என் ஆராய்ச்சியைக் கேட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்துப் பலகை வூட்டுல ஏதுய்யா பூசணம்? சந்து சந்தா காத்து வரும். நாள் பூரா வெறகடுப்பு எரியும்." சரிதான். அடுப்புச் சூட்டில் சுவர் காய்ந்தது, பலகைச் சந்தில் ஈரம் வெளியேறியது. இன்று சிமென்டுச் சுவரும் அலுமினிய ஜன்னலுமாகச் சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். அதற்காக விறகடுப்புக்குத் திரும்பலாம் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிக்கும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரியம்மா விறகடுப்பைப் பற்றிச் சொல்லும்போதே இரண்டு முறை இருமினார்.

அவர்தான் டிரெசரை ஞாபகப்படுத்தினார். தோட்ட மருத்துவ உதவியாளரை நாங்கள் டிரெசர் என்போம். வாரத்துக்கு ஒருநாள் லயத்துக்கு வந்து வீடு வீடாகப் பார்ப்பார். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டமே தோட்ட வீடுகளை வாரந்தோறும் பார்க்கச் சொல்கிறது. வீட்டுச் சோதனை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். இங்கே அது எழுதிவைத்த சட்டம். டிரெசர் வருகிறார் என்றால் சாக்கடை சுத்தமாகும், வாளி கவிழும், நாய் கட்டுக்குள் போகும், கோழி கட்டிலுக்கடியில் போகும். அவர் தண்ணீர்ப் பீப்பாயில் கொசுப்புழு தேடுவார். அலமாரிக்குப் பின்னால் பார்த்ததில்லை. லயத்தில் யாரிடம் அலமாரி இருந்தது?

இதைக் கேட்ட நாள்முதல் என் வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. சனிக்கிழமைதோறும் டிரெசர் வருகிறார். கையில் டார்ச், இடுப்பில் சேலை முந்தானை, கக்கத்தில் என் லெட்ஜர். சுவரைக் குளோராக்ஸ் ஊற்றிக் குளிப்பாட்டலாம் என்ற என் யோசனையைத் தள்ளிவிட்டாள்; செத்த பூசணமும் தும்மல் வரவைக்கும், கொன்றால் போதாது, தேய்த்து எடுக்க வேண்டும் என்று தம்பி போனில் சொன்னாராம். சோப்புத் தண்ணீர், பிரஷ், முகக்கவசம். தேய்ப்பது நான். நனைந்தது எதுவும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் காய்ந்தாக வேண்டும். அதற்கு மேல் விட்டால் பூசணம் குடிவந்துவிடும். கொடியில் துணி அந்தக் கெடுவைத் தாண்டினால் என் பெயர் ஏறும். அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அதனால் கட்டிலும் தள்ளிப்போய், நான் என் பக்கத்துக்குப் போக அவள் பக்கமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சீப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு காதுமாட்டி எல்லாம் அந்த இடைவெளியில் விழுந்துகிடக்கின்றன. எடுக்க அனுமதி சனிக்கிழமைதான்.

காலையில் சமையல் முடிந்ததும் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறக்கப்படும். நான் குல்லாவும் கம்பளியுமாக நடுவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். மானி போன வாரம் ஒரு பகலில் 64 காட்டியது. அந்த முகம் சிரித்தது. ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டு வந்தேன். இருவரும் குனிந்து அதன்மேல் மூச்சுவிட்டதில் 71-க்கு ஏறி உதட்டைப் பிதுக்கிக்கொண்டது.

லெட்ஜரில் கடைசியாக உள்ள பதிவு அவள் கையெழுத்து: "குளியலறை. கிராணி மறுபடியும் கதவைத் திறந்துபோட்டுக் குளித்தார். ரேடியோ பறிமுதல்." சோதனை முடிந்தால் டிரெசருக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று 446-ஆம் சட்டத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் போட்டுக் கொடுக்கிறேன், பானையை மூடி வைத்துக் கொதிக்கவிட்டு.